ஆய்வுக்கு நிதி கேட்கும் முன் களத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்

வறுமை, கல்வி, சுகாதாரத் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘ஏற்கெனவே தேர்வான விண்ணப்பம் ஒன்று இருந்தால் அனுப்புங்களேன்’ என்பதுதான். அனுப்புகிறேன், அதில் தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அதே நடையில் எழுதினால் நிதி கிடைத்துவிடாது. சென்னையிலிருந்து இயங்கும் கள ஆய்வுகளில் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் எழுதியும் இருக்கிறேன், பிறர் எழுதியதைப் படித்து மதிப்பெண் போட்டும் இருக்கிறேன். ஒரு விண்ணப்பம் வலுவாக இருக்குமா இல்லையா என்பது அதை எழுத உட்கார்வதற்குப் பல மாதங்கள் முன்பே, களத்திலும், திட்டத்தை நடத்தும் கூட்டாளி அமைப்பின் அலுவலகத்திலும் முடிவாகிவிடுகிறது என்பது இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம்.

முதலில் இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். 2003-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் சேர்ந்து தொடங்கிய ஜே-பால் என்ற வறுமை ஆய்வு மையம், தன் தெற்காசிய அலுவலகத்தை 2007-இல் சென்னையில் ஐஎஃப்எம்ஆர் நிறுவனத்தில் அமைத்தது. பானர்ஜி, டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் கிடைத்தபின் ஆர்சிடி என்ற பெயர் நம் பத்திரிகைகளிலும் பழக்கமாகிவிட்டது. ஆர்சிடி என்பது, ஊர்களையோ பள்ளிகளையோ குடும்பங்களையோ குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்து, பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. கேட்க எளிமை, செலவு அதிகம். அந்தச் செலவுக்குத்தான் போட்டி.

ஜே-பாலுக்குள் கல்வி, அரசுக் கூட்டாண்மை என்று துறைவாரியாகப் பல நிதிகள் இருக்கின்றன. வெளியே, தாக்க மதிப்பீடுகளுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பாக 2008-இல் தொடங்கிய த்ரீ-ஐ-இ, அதே ஆண்டில் லண்டன் பொருளாதாரப் பள்ளியும் (எல்எஸ்இ) ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து நடத்தத் தொடங்கிய சர்வதேச வளர்ச்சி மையம் (ஐஜிசி) போன்றவை. உள்நாட்டில் 1969-இலிருந்து இருக்கும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎஸ்எஸ்ஆர். பெரும்பாலான நிதிகளில் அடுக்குகள் உண்டு. ஊருக்குப் போய்ப் பார்த்து, கூட்டாளியோடு பேசி, வடிவமைக்க ஒரு சின்னத் தொகை. முன்னோட்டத்துக்கு ஒரு தொகை. முழு ஆய்வுக்குப் பெரிய தொகை. புதியவர்கள் பலர் நேராகப் பெரிய தொகைக்குப் போகிறார்கள். சின்னத் தொகையிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அதற்குப் போட்டி குறைவாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பணத்தில் செய்யும் வேலைதான் பெரிய விண்ணப்பத்தின் உயிர் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும்: யார் விண்ணப்பிக்கலாம் என்பது. ஜே-பால் நிதிகளில் முதன்மை ஆய்வாளர் அவர்களுடைய வலையமைப்பில் இருக்கும் பேராசிரியராகவோ அழைக்கப்பட்ட ஆய்வாளராகவோ இருக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவர் என்றால் வலையமைப்பில் உள்ள நெறியாளரின் கடிதம் வேண்டும். நல்ல கேள்வியும் நல்ல களமும் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஒரு வரியைக் கடைசி வாரத்தில் படித்துத் திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இது பெரிய தடை. இந்த முறை மாற வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மாவட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அவர்கள்தான். மாறும்வரை, உங்கள் தலைப்பில் ஏற்கெனவே இங்கே வேலை செய்திருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியையும், கூட்டாளி யார், என்ன தரவு கையில் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். நீளமான மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை. ஆனால் ‘இந்த மாவட்டத்தில் இத்தனை மையங்களின் பட்டியல் கையில் இருக்கிறது, நடத்தும் அமைப்பு குலுக்கலுக்குச் சம்மதித்திருக்கிறது’ என்ற ஒரு வரிக்குப் பதில் வரும்.

சரி, கேள்விக்கு வருவோம். மதிப்பாய்வாளர்களில் ஒரு பகுதி கல்வியாளர்கள், ஒரு பகுதி கொள்கை வட்டத்தில் இருப்பவர்கள். ஆய்வுலகுக்கு இதில் என்ன புதிது, கொள்கைக்கு என்ன பயன், வடிவமைப்பு சரியா, நடத்தி முடிக்க முடியுமா, கேட்கும் பணத்துக்கு இது தகுமா என்ற இந்த ஐந்தையும்தான் ஏதோ ஒரு வடிவில் எல்லோரும் பார்க்கிறார்கள். இதில் முதலாவதிலும் இரண்டாவதிலும் ஒருசேர நிற்கும் கேள்வி அபூர்வம். எனக்கு ஒரு சோதனை உண்டு: ‘பலன் இருக்கிறது’ என்று வந்தாலும் ‘பலன் இல்லை’ என்று வந்தாலும் யாராவது ஒருவர் தன் முடிவை மாற்றிக்கொள்வாரா? யார் அவர், எந்த நாற்காலியில் இருக்கிறார், எந்த மாதத்தில் அந்த முடிவை எடுக்கப்போகிறார்? இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் விண்ணப்பம் எழுத இன்னும் நேரம் வரவில்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் பொருளாதார ஆய்வாளர்கள் முரளிதரன், கனிமியன், வால்டர்ஸ் மூவரும் நடத்திய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாவட்டங்களில் 320 மையங்கள். அவற்றில் பாதிக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள், அவ்வளவுதான். பதினெட்டு மாதம் கழித்து அந்த மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது, பிள்ளைகளின் கணக்கும் மொழியும் கூடியிருந்தன, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்திருந்தது. அங்கன்வாடிக்கு இன்னொரு ஆளைப் போடலாமா என்பது எந்த அரசுக்கும் வருடாவருடம் பட்ஜெட்டில் வரும் கேள்வி. பலன் இல்லை என்று வந்திருந்தாலும் அது பெரிய செய்திதான், அந்தப் பணத்தை வேறு வழியில் செலவழித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் மதிப்புள்ள கேள்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

எதிர்பார்த்ததற்கு மாறாக வந்து மதிப்புப் பெற்ற ஆய்வும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் தரவு உள்ளீட்டு வேலை செய்த 452 பேரிடம் நடந்த தூக்க ஆய்வு, 2021-இல் வெளியானது. வெக்கையிலும் கொசுவிலும் சத்தத்திலும் இரவில் ஐந்தரை மணி நேரம்தான் அவர்கள் தூங்கினார்கள். காதடைப்பான், கண்மூடி, மெத்தை, ஆலோசனை, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத்திறனில் மாற்றம் இல்லை. ஆனால் பகலில் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் தூங்க விட்டதில் பலன் தெரிந்தது. இப்படி ஒரு முடிவை நம்பகமாகச் சொல்ல வேண்டுமென்றால் முன்கூட்டியே கவனமாகத் திட்டமிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘பலன் இல்லை’ என்பதை ‘மாதிரி போதவில்லை’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

இனி எங்கள் கதை. கிராமப்புறத்தில் இரத்தக் கொதிப்பு கண்டறியப்பட்டவர்கள் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, ஆனாலும் விழுங்குவது அவரவர் கையில்தானே. நினைவூட்டும் குரல் அழைப்புகள் உதவுமா என்று பார்க்க நினைத்தோம். மலிவானது, மாநிலம் முழுக்க விரிக்கக்கூடியது, கேள்வியும் தெளிவு. களப்பணியாளர்கள் கொண்ட ஒரு தொண்டு நிறுவனம் கூட்டாளியாக வர ஒப்புக்கொண்டது.

சின்ன நல்கையில் முன்னோட்டத்துக்குப் போனோம். பட்டியலில் இருந்த தொலைபேசி எண்களில் பெரும்பகுதி நோயாளியுடையதே இல்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது, சென்னையில் இருக்கும் மருமகளுடையது, பக்கத்து வீட்டுக் கடைக்காரருடையது. ஒரு பாட்டி சொன்னார்: ‘போன் எம் பேரன்கிட்ட இருக்குப்பா, அவன் சனிக்கெழம வருவான்.’ அழைப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாகக் கணினி காட்டும். கேட்க வேண்டியவர் கேட்டிருக்க மாட்டார். இதை எந்த நூலகத்தில் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதன்பிறகு வடிவமைப்பையே மாற்றினோம்: ஒரு பிரிவில் நோயாளியோடு அதே வீட்டில் இருப்பவரை முதல் சந்திப்பிலேயே கண்டறிந்து அவர் எண்ணைப் பதிவு செய்வது, இன்னொரு பிரிவில் அழைப்பே இல்லாமல் தன்னார்வலர் வாரம் ஒருமுறை கதவைத் தட்டி மாத்திரை அட்டையைப் பார்ப்பது. பெரிய விண்ணப்பத்தில் மதிப்பாய்வாளர்கள் அதிகம் பாராட்டியது இந்த ஒரு பத்தியைத்தான். புள்ளியியல் பகுதிக்கு நாங்கள் செலவழித்த உழைப்பு பெரிது, அதைப் பற்றி ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை, சரியாக இருந்தால் அப்படித்தான்.

அப்புறம் குலுக்கல் விஷயம். ‘யாருக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது’ என்றார் கூட்டாளி நிறுவனத்தின் செயலாளர். நியாயமான தயக்கம், அதை வாதத்தால் வெல்லப் பார்க்கக்கூடாது. அவர்களிடம் இருந்த தன்னார்வலர்களை வைத்து முதல் ஆண்டில் எல்லா ஊருக்கும் போகவே முடியாது என்பது கணக்குப் போட்டபோது அவருக்கே தெரிந்தது. அப்படியானால் எந்த ஊருக்கு முதலில் என்று எப்படியும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அதைக் குலுக்கலில் செய்வோம், மீதி ஊர்களுக்கு அடுத்த ஆண்டு, யாருக்கும் மாத்திரை நிற்காது, நினைவூட்டல் மட்டும்தான் பின்னால் வரும் என்றதும் ஒப்புக்கொண்டார். இதை ஒப்புதல் கடிதத்தில் எழுதி வாங்கினோம். ‘ஆய்வுக்கு ஆதரவு தருகிறோம்’ என்று பொதுவாக எழுதிய கடிதத்தை மதிப்பாய்வாளர்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. எத்தனை ஊர், எந்த மாதம், ஒப்பீட்டு ஊர்களில் எதுவரை தொடங்கமாட்டோம், பொறுப்பாளர் யார் என்று இருக்கும் கடிதம்தான் கடிதம். ‘ஏன் சார் எங்க ஊருக்கு இல்லையாம்?’ என்று களத்தில் கேட்கும்போது தன்னார்வலர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். பதில் தெரியாத தன்னார்வலர் இரக்கப்பட்டு ஒப்பீட்டு ஊருக்கும் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அரசோடு சேர்ந்து செய்யும்போது, முதல் ஊர்களுக்கும் மீதி ஊர்களுக்கும் நடுவே கிடைக்கும் இந்தக் கால இடைவெளி இன்னும் குறுகியது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, முதல் கட்டமாக மாநிலத்தின் 1,545 பள்ளிகளில் நடந்து, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளுக்கு அது நல்லது, அப்படித்தான் நடக்க வேண்டும். ஆய்வாளர் பக்கம் பார்த்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வருடம்கூட இல்லை. முதல் கட்டப் பள்ளிகளும் குலுக்கலில் தேர்வானவை அல்ல. ஒரு நிதிச் சுற்றில் அழைப்பு வந்து, கருத்துரு அனுப்பி, முழு விண்ணப்பம் எழுதி, ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பணம் வருவதற்கே ஏறக்குறைய அதே காலம் ஓடிவிடும். அறிவிப்பு வந்தபின் ஓடுகிறவருக்கு இடமில்லை.

கொரோனாவுக்குப் பின் தன்னார்வலர்கள் ஊரிலேயே பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வியை மதிப்பிட முடிந்ததற்குக் காரணம் வேறு. அபிஜீத் சிங், ரொமேரோ, முரளிதரன் மூவரிடமும் 2019 ஆகஸ்டிலேயே, கொரோனாவுக்கு முன்பே, தமிழ்நாட்டு கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்த தரவு இருந்தது. பள்ளிகள் திறந்தபின் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை மீண்டும் சோதித்தார்கள். இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் திரும்பியிருந்தது, அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணித்தார்கள். பழைய தரவு இல்லையென்றால் இந்த எண் எதுவும் இல்லை. உங்கள் கூட்டாளி அமைப்பிடம் தூசி படிந்து கிடக்கும் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். வருகைப்பதிவு, எடைப்பதிவு, மாத்திரை விநியோகப் பதிவு எதுவானாலும் ஒழுங்காக இருந்தால் அது உங்கள் விண்ணப்பத்தைப் பக்கத்தில் இருப்பவரின் விண்ணப்பத்திலிருந்து பிரித்துக் காட்டும்.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நான் மதிப்பெண் போட்ட விண்ணப்பங்களில் அதிகம் சறுக்கிய இடம் இதுதான். ஊர்வாரியாகக் குலுக்கினால் ஆட்களின் எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றாது. 100 ஊர், ஊருக்கு 20 பேர், மொத்தம் 2,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் ஒத்திருக்கும் அளவு 0.1 என்றால், ஊருக்குள் இருக்கும் மற்ற 19 பேரால் அதைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், 2.9 வரும். அந்த 2,000 பேரை 2.9-ஆல் வகுத்தால், தனித்தனியாகக் குலுக்கிய சுமார் 690 பேருக்குச் சமம். அதே 2,000 பேரை 200 ஊர்களில் ஊருக்குப் பத்துப் பேராக எடுத்தால் அந்த 2.9 என்பது 1.9 ஆகக் குறைந்து, சுமார் 1,050 பேருக்குச் சமமாகிறது. நேர்காணல் எண்ணிக்கை மாறவில்லை, வேன் வாடகையும் தங்கும் செலவும்தான் கூடும். அந்தக் கூடுதல் செலவைக் கேட்கத் தயங்காதீர்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று இந்தக் கணக்கோடு காட்டுங்கள். அந்த 0.1 எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். உங்கள் முன்னோட்டத்திலிருந்தோ, அதே மாநிலத்தில் நடந்த வேறு ஆய்வின் பொதுத் தரவிலிருந்தோ எடுத்துப் போடுங்கள்.

இன்னொரு கணக்கு அதைவிடக் கொடூரமானது. திட்டம் கொடுத்த ஊர்களில் பாதிப் பேர்தான் அதைப் பயன்படுத்துவார்கள் என்றால், தெரிய வேண்டிய பலன் பாதியாகிறது, அதைப் பிடிக்கத் தேவையான மாதிரி நான்கு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தொலைபேசி எண் விவகாரத்தை முன்னோட்டத்தில் பார்க்காமல் முழு ஆய்வுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

பணம் பற்றி. பெரும்பாலான நிதிகள் மதிப்பீட்டுச் செலவைத்தான் தரும், திட்டத்தை நடத்தும் செலவைத் தராது அல்லது கொஞ்சம்தான் தரும். தன்னார்வலர் ஊதியம் யார் கையிலிருந்து வரும் என்று விண்ணப்பத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின், ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. பணம் முதலில் வந்து விழ வேண்டியது புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில். ‘நாங்கள் வாங்கி உங்களுக்குத் தருகிறோம்’ என்று கூட்டாளியிடம் வாய்மொழியாகச் சொல்லி வைத்த ஏற்பாடுகள் பல இதில்தான் உடைந்தன. உங்கள் கணக்காளரை முதல் வாரத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

அனுமதிகளுக்கு விண்ணப்பத்தில் தாராளமாக மாதங்களை ஒதுக்குங்கள். நெறிமுறைக் குழு ஒன்று. உடல்நலம் சார்ந்த ஆய்வில் வெளிநாட்டு நிதியோ வெளிநாட்டு ஆய்வாளரோ இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வழியாக சுகாதார அமைச்சகத்தின் திரையிடல் குழு இன்னொன்று. மருத்துவத் தலையீடு என்றால், மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு. 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால் செய்த பதிவை மட்டும்தான் அங்கே ஏற்கிறார்கள். பொருளாதார ஆய்வுகளுக்கு அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013-இல் தொடங்கிய பதிவேடு. வடகிழக்குப் பருவமழையில் டெல்டா மாவட்டங்களில் சர்வே வைக்காதீர்கள், பொங்கல் வாரத்தில் எங்கேயும் வைக்காதீர்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் அரசுக் கூட்டாளியிடமிருந்து ஒரு கையெழுத்தும் நகராது. வெளியூர் மதிப்பாய்வாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, ஆனால் நீங்கள் காலண்டரில் குறித்திருப்பதைப் பார்த்தால் நடத்தி முடிப்பீர்கள் என்ற நம்பிக்கை வரும்.

இப்போது நிலைமை முன்பைவிட இறுக்கம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி 2025 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவது முடிந்துபோனது. 2010 முதல் சிறு முன்னோட்டங்களுக்கும் பெரிய விரிவாக்கங்களுக்கும் படிப்படியாக நிதி தந்துவந்த டெவலப்மென்ட் இன்னோவேஷன் வென்ச்சர்ஸ் அங்கேதான் இருந்தது. பாதி வழியில் சர்வே நின்றுபோன குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. சர்வேயில் பதில் சொல்ல நேரம் ஒதுக்கிய மக்களுக்கு அதில் யாரும் எதையும் விளக்கவில்லை, அது எனக்கு இன்னமும் ஆறவில்லை. இப்போது நான் எழுதும் விண்ணப்பங்களில், பணம் நடுவில் நின்றால் எந்தக் கட்டத்தோடு கௌரவமாக முடிக்கலாம் என்று ஒரு பத்தி வைக்கிறேன். கேட்காத நிதிகளுக்கும் வைக்கிறேன். ஒரே கொடையாளரை நம்பாமல், தொடக்க சர்வேயை ஒரு நிதியிலும் இறுதி சர்வேயை இன்னொரு நிதியிலும் பிரித்துக் கேட்பதும் இப்போது வழக்கமாகிவருகிறது.

பட்ஜெட்டில் பலர் விட்டுவிடும் இரண்டு வரிகள் உண்டு. தரவை வெளியிட வேண்டும் என்று அநேகமாக எல்லா நிதியும் நிபந்தனை போடும், அதற்கு முன் பெயர், ஊர், தொலைபேசி எண், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் நீக்கிச் சரிபார்ப்பது ஒருவருக்கு முழுநேர வேலை, அவர் சம்பளத்தைப் போடுங்கள். அடுத்தது, முடிவுகளைப் பதில் சொன்ன ஊர்களுக்கே கொண்டுபோவது. தன்னார்வலர்களையும் கிராமச் செவிலியர்களையும் ஒன்றியவாரியாகக் கூட்டி, இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கொடுத்து, என்ன தெரிந்தது என்ன தெரியவில்லை என்று உட்கார்ந்து பேச வேண்டும். அச்சு, மண்டப வாடகை, பயணப்படி, மதியச் சாப்பாடு என்று தனி வரியாகப் போட்டுக் கேட்டால், அதை வெட்டிய கொடையாளரை இதுவரை நான் பார்த்ததில்லை.